குதிரையின் இடது பக்கம்

வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, அட்டை ஒட்டி வைத்திருந்த வீடுகளில் பிறந்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நம்ம வயசுக்காரர்களுக்கு. போனை விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிற பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். "நெட்ல தேடுனா கெடைக்குமே" என்றார்கள். கிடைக்கும், நன்றாகக் கிடைக்கும்.

விழுப்புரத்தில் எங்கள் தெருவுக்கே ஒரு பத்திரிகைதான். ரயில்வே கார்டு வீட்டில் வாங்குவார்கள். அங்கிருந்து தையல்கார அக்கா வீடு, அப்புறம் கம்பவுண்டர் வீடு என்று வரிசையாக வந்து கடைசியில் எங்கள் வீட்டுக்கு வரும். முன்னால் படித்தவர்கள் பின்னால் படிக்கப்போகிறவர்களிடம் கதையைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. குழாயடியில் குடுமிப்பிடி சண்டை நடக்கும், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தெரு நாணயமாக இருந்தது. கடைசியாகப் படிக்கிற வீட்டுக்குத்தான் கிழிக்கிற உரிமை. அதற்காகவே எங்கம்மா கடைசி இடத்தைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். "பாவம், உங்களுக்குத்தான் லேட்டா வருது, முன்னாடி வாங்கிக்கினு போங்களேன்" என்று யாராவது சொன்னால், "எங்களுக்கு இன்னா அவசரம்" என்பாள்.

அவள் கிழிப்பதைப் பார்க்க வேண்டும். ஸ்கேலை ஓரத்தில் அழுத்திப் பிடித்து ஒரே இழுப்பு. ஓர் எழுத்துக்கும் சேதாரம் இருக்காது. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பாள். நீலம் பாரித்த அந்தப் பசையின் நாற்றம் அவள் விரலை விட்டுப் போகவே போகாது. அதே கையால்தான் எங்களுக்குச் சோறு பிசைந்து போட்டாள். இப்போது நினைத்தால் பகீரென்கிறது, எப்படித்தான் பிழைத்துக் கிடந்தோமோ. ராஜா ராணிக் கதை, காதல் கதை, துப்பறியும் கதை எல்லாம் பழைய புடவைத் துணி அட்டையோடு பீரோவுக்கு மேலே அடுக்கி இருக்கும். அப்பாவுக்கு நெல் கமிட்டியில் மூட்டை எடை போடுகிற வேலை. எங்கள் வீட்டில் சொத்து என்று சொல்லிக்கொள்ள அந்த பீரோவின் தலைதான் இருந்தது.

அம்மா இப்போதும் இருக்கிறாள். கூடத்தில் கட்டில் போட்டிருக்கிறேன். கண்புரை ஆபரேஷன் சரிப்படாமல் இடது கண்ணில் பார்வை போய்விட்டது. சாப்பாடு கொடுப்பதென்றால் வலது பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். மறந்துபோய் இடது பக்கம் நின்றால், "யாரு? எவ அங்க?" என்று அதட்டுவாள்.

கதைக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் நம்ம ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிகள் நிற்குமே, அதில் ஒரு குதிரைக்கு இடது கண் கிடையாது. பார்த்தால் பால் ஊற்றி வைத்த மாதிரி இருக்கும். வீட்டில் அடி வாங்கினால் நான் நேராக அங்கேதான் ஓடுவேன். அழுவதை யாரும் பார்க்கக் கூடாது எனக்கு. குதிரைகூடப் பார்க்கக் கூடாது. அதனால் அதன் இடது பக்கமாகப் போய்க் கழுத்தோடு ஒட்டி நின்றுகொண்டு அழுவேன். வேர்வையும் ஊறவைத்த கொள்ளும் கலந்து ஒரு வாசனை வரும். வண்டிக்காரர் ஒன்றும் கேட்க மாட்டார். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து, "வா, சோறு ஆறிப்போவுது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

அந்தக் குதிரையை வைத்துத்தான் நான் ஒரு கதை கட்டினேன். எனக்கு அப்போது பதினோரு வயது. ஓர் அரசனைச் சிறையில் போட்டுவிட்டு அவன் தம்பி நாட்டைப் பிடுங்கிக்கொள்கிறான். அண்ணன் என்று வைத்திருக்கலாம், அப்போது எனக்குத் தோன்றவில்லை. அரசன் மகள் கொள்ளைக்காரி வேஷம் போட்டுக்கொண்டு செஞ்சிப் பாறைகளுக்கு நடுவே கூட்டம் சேர்க்கிறாள். அவளுக்கு ஒரு கண் தெரியாத குதிரை. கூட்டத்துக்குத் தலைவி, அதனால் அழக் கூடாது. அழுதே தீர வேண்டும் என்றால் குதிரையின் இடது பக்கம் வந்து நின்றுகொள்வாள். எதிரிப் படைத் தளபதி அவள்மேல் ஆசைப்படுகிறான். கடைசியில் அவள் நாட்டை மீட்டு அப்பன் கையில் கொடுக்கிறாள், தளபதியை வேண்டாம் என்கிறாள், குதிரையை அவிழ்த்துவிட்டு நடந்தே போய்விடுகிறாள். எங்கே போனாள் என்று எனக்கே தெரியாது.

அம்மா முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டைக் கடலை உரிக்கும்போது இதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வேன். அவள் தலையை நிமிர்த்த மாட்டாள். "ம்" என்பாள். சில நாள் அதுவும் வராது. "நீ கேக்கவே மாட்டேங்கற" என்று கத்தினால், "காது தொறந்துதான்டி கெடக்குது, சொல்லித் தொலை" என்பாள். அவள் கேட்கவில்லை என்றுதான் நான் முடிவு கட்டியிருந்தேன்.

அந்தக் கோடையில் என் அக்காவுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, என்னைத் திண்டிவனத்தில் பெரியப்பா வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். அப்பாவின் அண்ணன். கோலியனூர்ப் பக்கம் ஏர் பிடித்த குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவர், பிறகு காலேஜிலேயே தமிழ்ப் பேராசிரியர் ஆகிவிட்டவர். எங்கள் வீட்டில் கல்யாணமோ, நிலமோ, ஆஸ்பத்திரியோ, எதுவானாலும் "அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்பார் அப்பா. அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை.

பெரியப்பா சிறுபத்திரிகைகளில் விமர்சனம் எழுதுகிறவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவருடைய கூட்டாளிகள் வந்துவிடுவார்கள். ஒரே சிகரெட் புகை. நவீனத்துவம், நனவோடை, இருத்தல் என்று என்னென்னவோ பேசுவார்கள். பெரியம்மா டீ போட்டுப் போட்டு மாய்வாள். ஒருத்தர், "தொடர்கதை எழுதுறவனையெல்லாம் நாடு கடத்தணும் சார்" என்றார். பெரியப்பா பச்சை ரெக்ஸின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எழுதுறவன் கெடக்கறான், படிக்கிறவன்தான் பாவம். கொஞ்ச நாள்ல எது தன்னோட அனுபவம், எது படிச்சதுன்னே அவனுக்குத் தெரியாமப் போயிடும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் பீரோ தலையைப் பற்றி மட்டும் இந்த வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவரே கேட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தரையில் படுத்துக்கொண்டு எனக்குள் பேசிக்கொண்டிருந்தேன். "இன்னாம்மா, யாரோட பேச்சு?" என்றார். பயந்துகொண்டே கதையை ஆரம்பித்தேன். திட்டுவார் என்று பார்த்தால் திட்டவில்லை. நான் நிறுத்தியதும், "அப்புறம்?" என்றார்.

அந்த "அப்புறம்" என்னை என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஊரே எழுந்து நிற்கிற மனுஷன், நோட்ஸ் எழுதுகிற வேலையை விட்டுவிட்டு, கண்ணை என் முகத்தில் வைத்துக்கொண்டு அப்புறம் அப்புறம் என்கிறார். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் கதைதான். நல்ல வெயிலில் பெரியம்மாவை அனுப்பி எனக்குப் பன்னீர் சோடா வாங்கிவரச் சொல்வார். "அது ஏன் இடது பக்கம் வந்து நிக்கறா?" என்று கேட்டார். சொன்னேன். பிறகு, "பாவம், அந்தப் பொண்ணுக்குக் கடைசியில ஒரு கல்யாணம் பண்ணி வெச்சிடலாமே" என்றார். "அவ பண்ணிக்க மாட்டா பெரியப்பா" என்றேன். சிரித்தார். நான் ஊருக்குக் கிளம்பும்போது தன்னுடைய மெரூன் கலர் மைப் பேனாவை என் கையில் வைத்து, "எழுத்தாளரம்மாவுக்கு" என்றார். பஸ் முழுக்க அதை மூடித் திறந்து மூடித் திறந்து வந்தேன். அப்பா அம்மாவைவிட அவரைப் பிடித்துப்போயிருந்தது எனக்கு. அப்படித்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

மழை பிடித்த பிறகு ஒரு நாள் கார்டு வீட்டு மாமி என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தாள். அடுத்த நாள் தையல்கார அக்கா கன்னத்தைக் கிள்ளி, "உங்க பெரியம்மா பலே ஆளுதான் போ" என்றாள். என்ன ஏது என்றால், "உங்க ஊட்டுக்கு வரும்ல, அப்ப பாத்துக்கோ" என்று வாயை மூடிக்கொண்டாள். தெருவின் நாணயம்! வரிசையாக எல்லோரும் படித்து முடித்து, முனை மடங்கி, எண்ணெய்க் கறையோடு பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வந்தது. புதிய தொடர்கதை. எழுதியவர் என்று பெரியம்மாவின் பேர். படம் போட்டிருந்தது: பாறை, ஒரு பெண், ஒரு கண் வெளுத்த குதிரை.

முதலில் எனக்கு சந்தோஷம்தான், நம்புங்கள். என் கதையைப் பத்திரிகையில் போட வைத்துவிட்டார் பெரியப்பா என்று குதித்தேன். என் பேர் எங்கேயாவது இருக்கும் என்று தேடினேன். அடியில் பார்த்தேன், அடுத்த பக்கத்தில் பார்த்தேன், கூந்தல் தைல விளம்பரத்தில்கூடப் பார்த்தேன். பிறகு அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அம்மா, இது என் கதைம்மா. நான் சொன்னது." அவள் வாங்கி நின்றபடியே முழுசாகப் படித்தாள். பிறகு ஸ்கேலை எடுத்தாள். "தள்ளு, கிழிக்கணும்" என்றாள்.

வாரா வாரம் இதே கூத்து. என் கதை எனக்குத் தெருவிலேயே கடைசியாகத்தான் கிடைத்தது. அதற்குள் கம்பவுண்டர் வீட்டுப் பெண் குதிரைக்காக அழுது முடித்திருப்பாள்.

தை மாதம் வளவனூரில் ஒரு சொந்தக்காரப் பிள்ளைக்குக் காதுகுத்து. பந்தலில் பெரியம்மாவைச் சுற்றி ஒரே கும்பல். "எப்படிங்க தோணுது உங்களுக்கு? அந்தக் குதிரைக்கு அந்தப் பக்கமா நின்னு அழுவறா பாருங்க, எனக்கு நெஞ்சே அடைச்சிப்போச்சி" என்று ஒருத்தி பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. "அது பெரியம்மா எழுதல! அது என் கதை! நான்தான் பெரியப்பாகிட்ட சொன்னேன்!" என்று அடித்தொண்டையில் கத்தினேன்.

பந்தலே திரும்பிப் பார்த்தது. பெரியப்பா எழுந்து வந்தார். இப்போது சொல்லிவிடுவார், ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் தலையில் கை வைத்து, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களா? இதத்தான் நான் கிளாஸ்ல சொல்றது. தொடர்கதை படிச்சிப் படிச்சிக் கொழந்தைக்குத் தன் கதை எது, படிச்ச கதை எதுன்னே தெரியாமப் போச்சி. இது பொய்யி இல்ல, ஒரு மாதிரியான மயக்கம். திட்டாதீங்க."

திட்டாதீங்க என்றாரே, அந்தப் பெருந்தன்மையைச் சொல்ல வேண்டும்! அப்பா குன்றிப்போய் நின்றார். அம்மா கும்பலை விலக்கிக்கொண்டு வந்தாள். கன்னத்தில் விட்டாள் ஒரு அறை. காது ரெண்டும் கொய்யென்றது. "பொய் சொல்லுவியா? பெரியவங்கள சந்தியில நிறுத்துவியா? " பெரியப்பா பக்கம் திரும்பினாள். "மாமா, அவ அறியாத புள்ள, மனசுல வெச்சிக்காதீங்க. விழுடி பெரியப்பா கால்ல!" விழுந்தேன். "நல்லா படிம்மா" என்று ஆசீர்வாதம் செய்தார்.

பின்கட்டில் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா வந்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "நான் ஒரு வரி எழுதலடி கண்ணு. இந்த மாதிரிக் கதைல தன் பேரு வந்தா அந்த ஞாயித்துக்கெழம ஆளுங்க மதிக்க மாட்டாங்களாம். என் பேரப் போட்டுட்டாரு. எனக்கே கடைக்காரன் சொல்லித்தான் தெரியும்" என்றாள். யாரிடமும் சொல்லாதே என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. நானாகவேதான் சொல்லவில்லை. கூடவே வைத்திருந்த மெரூன் பேனாவை அந்தக் கிணற்றில் போட்டேன்.

விழுப்புரம் வந்து இறங்கியதும் காலாகப்பட்டது பழக்கத்தில் ஜட்கா வண்டிகள் பக்கம் போனது. குதிரை நின்றுகொண்டிருந்தது. இடது பக்கம் போகப்போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அங்கே போய் நிற்கிறவள் எதற்காக நிற்கிறாள் என்று இப்போது தெருவுக்கே தெரியும், பத்திரிகை வாங்குகிற ஊருக்கெல்லாம் தெரியும். நான் ஒளிந்துகொண்டு அழுவதற்கு இருந்த ஒரே இடத்தையும் அந்த மனுஷன் அச்சடித்து விற்றுவிட்டார். அந்தக் குதிரைப் பக்கம் பிறகு நான் போகவேயில்லை.

தொடர் கல்யாணத்தோடு முடிந்தது. தளபதிக்கும் அவளுக்கும் தடபுடலான கல்யாணம். தெருவே பூரித்துப்போனது. அம்மா அதைச் சிவப்புப் பட்டு ரவிக்கைத் துணியில் அட்டை போட்டு பைண்டு செய்தாள். வேறு எந்தக் கதைக்கும் அவள் பட்டுத்துணி போட்டதில்லை. நான் அதைத் தொட்டதில்லை. அந்த வருஷம் அக்காவுக்கு டீச்சர் ட்ரெயினிங்கில் இடம் கிடைத்தது. பெரியப்பாதான் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். அக்கா ஹெட்மிஸ்ட்ரஸாக ரிட்டயர் ஆனாள். நான் போஸ்டாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனேன். பெரியப்பா மாலை மரியாதையோடு போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு நான் ஒரு கதையும் சொன்னதில்லை, யாரிடமும்.

போன மாதம் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பிஎச்டி பண்ணுகிறாள். பெண்கள் எழுதிய தொடர்கதைகள்தான் அவள் தலைப்பு. காலம் பாருங்கள், அன்றைக்கு நாடு கடத்த வேண்டிய குப்பை இன்றைக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தருகிறது. பெரியம்மாவின் தொடர் எந்த லைப்ரரியிலும் இல்லையாம், எங்கள் வீட்டில் பைண்டு இருப்பதாக அக்கா சொன்னாளாம். எடுத்துக் கொடுத்தேன். சிவப்புத் துணி வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. பூச்சி ஒரு பக்கத்தையும் தொடவில்லை.

அந்தப் பெண் போனில் ரெக்கார்டிங் போட்டுவிட்டு, குதிரையின் இடது பக்கம் நின்று அவள் அழுகிற இடத்தைச் சத்தமாகப் படித்தாள். அவளுக்கே குரல் உடைந்தது. "மேடம், இந்த இடம் ஒரு ஆம்பளைக்குத் தோணவே தோணாது. சிறுபத்திரிகைல அப்ப எழுதிக்கினு இருந்தவங்க யாருமே இந்த ஆழத்துக்கு வரல. உங்க பெரியம்மா மேல யாரோட பாதிப்பு இருந்திருக்கும்?"

நான் என்ன சொல்ல? ஜட்காக் குதிரையின் பாதிப்பு என்றா? அவள் பக்கங்களைப் புரட்டிக் கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். மேளம், தாலி, அட்சதை.

கட்டிலிலிருந்து அம்மா குரல் வந்தது. "அவ கட்டிக்கிலியே."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "இன்னா பாட்டிம்மா?"

"அவ அவனக் கட்டிக்க மாட்டா. நாட்ட அப்பன்கிட்ட குடுத்துட்டு, குதிரைய அவுத்து வுட்டுட்டு, நடந்தே பூடுவா. கல்யாணம்லாம் பொய்யி."

அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. மல்லாட்டை உரித்த முறத்துக்கு எதிரே உட்கார்ந்து நான் சொன்ன முடிவு அது.

"வேற தொடரோட கலந்துட்டாங்க போல" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், பெரியப்பா, பன்னீர் சோடா, காதுகுத்து எல்லாம். ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "வாசகிகள் கதைய இப்படித் தங்களோடதாவே ஆக்கிக்கறது உண்டு மேடம். ரொம்ப அழகான விஷயம். இதுக்காகவே எங்க ஆய்வுல ஒரு அத்தியாயம் வெச்சிருக்கேன். உங்கள அதுல சேத்துக்கலாமா?" என்றாள்.

பெரியப்பா செத்துப்போனார் என்று யார் சொன்னது? "எடுத்துக்கினு போம்மா, புக்கையும் எடுத்துக்கினு போ" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

மத்தியானம் அம்மாவுக்கு ரசம் சோறு பிசைந்துகொண்டு வலது பக்கம் உட்கார்ந்தேன். ரெண்டு வாய் வாங்கினாள். அதற்குமேல் எனக்குக் கை ஓடவில்லை.

"ஏம்மா, அது என் கதைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? குந்திக்கினு கேட்டவ நான்தான? ஸ்டேஷன்லேந்து ஒன்ன இழுத்துக்கினு வந்தவளும் நான்தான?"

"அப்ப நான் பொய் சொல்லலன்னும் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா அடிச்ச?"

அவள் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "ஒங்க அக்காவுக்கு சீட்டு அவரு கையில இருந்திச்சி. நீ பந்தல்ல நின்னு பேசிக்கினே போற. ரெண்டு பொண்ணுல ஒன்னாவது கரையேறட்டும்னு பாத்தேன். தெரிஞ்சிதான்டி அடிச்சேன். தெரியாம அடிச்சிருந்தா அவ்ளோ பலமா அடிச்சிருக்க மாட்டேன்."

பிறகு வாயைத் திறந்து அடுத்த கவளத்துக்குக் காத்திருந்தாள். தெரிந்தே என்னைப் பொய்க்காரி ஆக்கியது பெரியப்பா ஒருத்தர்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அம்மாவுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள் என்கிற ஒரு நினைப்பில்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

மிச்சச் சோற்றையும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டேன். தட்டைக் கீழே வைத்தேன். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றிப் போய் அவளுடைய இடது பக்கம் போட்டு உட்கார்ந்தேன்.

"யாரு? எவ அங்க?" என்றாள் அம்மா.

நான் பதில் சொல்லவில்லை.